சிவப்புப் புழுவின் குடும்பப் பெயர்

போன மாதம், எங்கள் பழைய பிரிவில் இப்போது வேலை பார்க்கும் ஒரு பெண் கைப்பேசியில் ஓர் ஈயின் படத்தை அனுப்பியிருந்தாள். கைப்பேசியே கண்டுபிடித்துச் சொன்ன பெயரையும் கூடவே அனுப்பி, "சரியாம்மா?" என்று கேட்டிருந்தாள். பெயர் நீளமாக, இனம் வரைக்கும் இருந்தது. படத்தில் ஈயின் முதுகு மட்டும் இருந்தது. இறக்கை நரம்பும் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை. "பெயர் சரியாக இருக்கலாம். இந்தப் படத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது" என்று பதில் போட்டேன். "அப்படின்னா அந்தக் காலத்துல நீங்கல்லாம் எப்படிம்மா சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்டாள். இரண்டு வரியில் தட்டிவிட முடிகிற பதில் இல்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னுடைய முதல் வேலை பூச்சி சம்பந்தப்பட்டதே இல்லை. ஏனாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம் எங்களுடையது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் காஞ்சிபுரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் டச்சிங் வேலைக்குச் சேர்ந்தேன். நெகட்டிவை வெளிச்சத்தின் மேல் வைத்துக்கொண்டு, கூர் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பை மறைப்பது, மூக்கின் நிழலை இளக்குவது, கல்யாணப் பெண்ணின் அட்டிகையைத் துலக்கிக் காட்டுவது. அறுபதுகளின் நடுவில், ஊரில் கொசு, ஈ மூலம் பரவும் நோய்களைக் கவனித்த அரசுப் பிரிவு ஒன்றுக்கு இருட்டறை வேலை தெரிந்த ஆள் தேவைப்பட்டது. மனுப் போட்டேன், கிடைத்தது.

அங்கே மேலதிகாரி கரீமுதீன் சார். ஆற்காட்டுக்காரர், பூச்சியியல் படித்தவர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார். முதல் நாள் என் பைக்குள் இருந்த டச்சிங் பென்சிலைப் பார்த்துவிட்டார்.

"இதை வீட்டுல வெச்சுட்டு வாங்கம்மா. ஸ்டூடியோவுல முகத்துல இருக்கறதை எடுத்தீங்க. இங்க இருக்கறது அப்படியே வேணும்" என்றார்.

பூச்சியை நேரில் பார்க்காமல் படத்தைப் பார்ப்பானேன் என்று பலரும் கேட்பார்கள். வெளியூர்க் கிளைகளிலிருந்து பூச்சிகள் புட்டியில் வரும். பஸ்ஸில் குலுங்கிக் கால் உதிர்ந்துவிடும், சாராயத்தில் ஊறி நிறம் போய்விடும், சில சமயம் எறும்பு முந்திக்கொள்ளும். பிடித்த இடத்திலேயே படமெடுத்துப் படத்தை அனுப்பினால் நஷ்டமில்லை. இப்படி நாலா பக்கத்திலிருந்தும் படங்கள் எங்களிடம் வந்தன. எங்கள் படங்கள் சரிபார்ப்புக்காகச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போயின.

கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டே இறக்கை உள்ளது ஈ வகை, நாலு இறக்கை இருந்தால் அது தேனீயோ குளவியோ. கொசுவும் ஈ வகைதான். ஈ வகைக்குள் எத்தனையோ குடும்பங்கள். வீட்டு ஈயின் குடும்பத்துக்கு மஸ்கிடே என்று பெயர், கொசுவின் குடும்பத்துக்குக் கியூலிசிடே. தேனீ மாதிரியே உடம்பில் மஞ்சள் பட்டை போட்டுக்கொண்டு பூ மேல் அந்தரத்தில் நிற்குமே, அது சிர்ஃபிடே. இந்த லத்தீன் பெயர்களை வாயில் போட்டு மென்றுகொண்டே ஏனாத்தூருக்கு பஸ்ஸில் போவேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஏதோ ஸ்லோகம் என்று நினைத்திருப்பார்கள்.

வேலை நடந்த விதத்தைத்தான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒரு பூச்சிக்கு நாலு படம்: பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, தலை தனியாக, இறக்கை தனியாக. இறக்கையை ஊசியால் கழற்றிக் கண்ணாடித் துண்டின் மேல் சுருக்கமில்லாமல் விரிக்க வேண்டும். மூச்சு பட்டால் பறந்துவிடும். நுண்நோக்கியின் மேல் பழைய துருத்திக் கேமரா ஒன்றை மாட்டியிருந்தோம். விளக்குக்கு முன்னால் எண்ணெய்க் காகிதம் பிடித்தால்தான் பளபளப்பான முதுகில் வெளிச்சம் தெறிக்காது. கழுவிய படம் காய்ந்ததும் சார் மேஜைக்குப் போகும். அவர் பெயர் சொல்ல மாட்டார். என்னைச் சொல்லச் சொல்வார்.

"மஸ்கிடே, சார்."

"எங்க தெரியுது?"

ஊசி முனையால் படத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். இறக்கையின் நடு நரம்பு ஓரத்துக்குப் போகுமுன் மேல் பக்கமாக வளைகிறதே, இங்கே. இப்படி ஒவ்வொன்றுக்கும் இடம் காட்டினால்தான் பெயர் நிற்கும். பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது என்றால் அவரிடம் செல்லாது. குடும்பத்தைத் தாண்டி இனப்பெயர் வரைக்கும் போக எனக்கு ஆசை வரும். அவர் படத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவார். "படம் எங்க நிக்குதோ, நாமும் அங்க நிக்கணும்."

ஒருமுறை கோயில் யானைப்பாகன் ஒருவர் காகிதத்தில் ஒரு பூச்சியை மடித்துக் கொண்டுவந்தார். "யானைய புடுங்கி எடுக்குதுமா. இதுக்குப் பேரு இன்னா, மருந்து இன்னா, ரெண்டும் சொல்லணும்" என்றார். யானையின் வயிற்றில் உட்கார்ந்ததை உள்ளங்கையால் ஓங்கி அடித்திருக்கிறார். கண் எது, கால் எது என்று பிரிக்க முடியவில்லை. சார் லென்ஸை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நசுங்கினதுக்குக் குடும்பம் கிடையாதுப்பா. உசுரோட புடிச்சுக்கினு வா."

பாகன் முணுமுணுத்துக்கொண்டே போனார். மறுநாள் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைக் கொடுத்து, உயிரோடு கொண்டுவந்து வைத்தார். பெரிய கண்ணும் கத்தி போன்ற வாயுமாக ஒரு மாட்டு ஈ. டபானிடே. அந்தப் படம் சென்னைக்குப் போய் ஒரு கேள்விகூட இல்லாமல் திரும்பி வந்தது.

இனி அந்தக் கிணற்று விஷயம். எழுபதுகளின் தொடக்கம், கோடைக்காலம்.

நெசவாளர் தெரு ஒன்றில் பொதுக் கிணறு. அதன் கிழக்கே ஒரு சாயப்பட்டறை. வெங்கட்ராமுலு என்ற தெலுங்குக்காரர், மனைவி லட்சுமம்மாவோடு பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அரக்குச் சிவப்புக்குப் பேர்போன கை என்பார்கள். அந்தக் கோடையில் கிணற்று நீரில் புழு வந்தது. சின்னதாக, மெல்லியதாக, ரத்தச் சிவப்பாக. குடத்தில் நீந்தியது. சாயங்காலத்தில் கொசு போன்ற பூச்சிகள் புகைபோல் எழும்பி, தறியில் ஓடிக்கொண்டிருக்கும் பாவு நூலில் விழுந்து ஒட்டின. அதே சமயத்தில் தெருவில் வாந்திபேதியும் வந்தது. ஏகாம்பரம் என்ற நெசவாளரின் பெண் குழந்தை இறந்துபோனது. நடக்கப் பழகிக்கொண்டிருந்த குழந்தை.

தெரு தானே ஒரு முடிவுக்கு வந்தது. சாயத் தண்ணீர் கிணற்றில் இறங்குகிறது, புழு அதைக் குடித்துச் சிவந்திருக்கிறது, அந்தத் தண்ணீரைக் குடித்துக் குழந்தை செத்தது. லட்சுமம்மா கிணற்றுக் கயிற்றைத் தொடக் கூடாது என்றார்கள். அவள் வேறு தெருவுக்குப் போய்த் தண்ணீர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

வார்டு கவுன்சிலர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் மூடி போட்ட பாட்டில், உள்ளே புழு.

"சாயப் புழுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க சார். அந்த ஆளை காலி பண்ணி அனுப்பிட்டா தெரு அமைதியாயிடும். இல்லன்னா ரத்தக் களறிதான்."

சார் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சாயப் புழுன்னு ஒரு குடும்பம் இல்லைங்க. பார்த்துச் சொல்றோம்."

அன்றைக்கே புழுவைப் படமெடுத்தேன். படமெடுத்ததும்தான் ஒன்று உறைத்தது. எங்களுடையது கறுப்பு வெள்ளைப் படம். தெருவே அந்தச் சிவப்பைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்கிறது, எங்கள் படத்திலோ அது வெறும் கறுப்பு. நிறத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் மீதி தெளிவாக இருந்தது: கெட்டியான தலை, தலைக்குப் பின்னால் ஒரு ஜோடிக் கட்டைக் கால், வால் பக்கம் இன்னொரு ஜோடி. கொசுப் புழு இப்படி இருக்காது. அதற்கு நெஞ்சுப் பகுதி பருத்திருக்கும், வாலில் மூச்சுக் குழல் இருக்கும்.

"கைரோனோமிடே, சார்" என்றேன். கொசு மாதிரியே தோற்றம், ஆனால் கடிக்கத் தெரியாத பூச்சிக் குடும்பம் அது.

"புழுவுக்கு ஒத்துக்கறேன். பறக்கறது?"

தெருவிலிருந்து கிடைத்த பறக்கும் பூச்சி பாவில் ஒட்டியிருந்ததைப் பிய்த்து எடுத்தது. தலை கீழே மடங்கி, வாய் மறைந்திருந்தது. கொசுவுக்கு ஊசி போல் நீண்ட வாய், இறக்கை நரம்புகளின் மேல் செதில். இதற்குச் செதில் இல்லை.

"செதில் இல்ல சார். கொசு இல்ல."

"பாவுல தேய்ஞ்சு உதிர்ந்திருந்தா?"

"பார்த்தாலே தெரியுது சார்."

"உங்களுக்குத் தெரியுது. படத்துல தெரியல. புழுவை வளர்த்து, அது பறக்கட்டும். தேயாத பூச்சியை எடுங்க. அப்புறம் சாயமே இல்லாத இடத்துல இதே புழு இருக்குதான்னு தேடுங்க. சபர் வேணும்மா, பொறுமை."

கண்ணாடி ஜாடியில் கிணற்றுச் சேறும் நீருமாகப் புழுக்களை விட்டு, மேலே மெல்லிய துணி கட்டினேன். பஸ் பிடித்துச் செவிலிமேட்டுக்குப் போனேன். பாலாற்றுப் பக்கம், சாயத்துக்கும் தறிக்கும் சம்பந்தமே இல்லாத இடத்தில், மாடுகள் இறங்கும் குட்டை ஒன்று இருந்தது. சேற்றை அள்ளி வெள்ளைப் பீங்கான் தட்டில் அலசினேன். அதிலும் புழு. அதே ரத்தச் சிவப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது, பக்கத்தில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நான் ஊசியும் ஜாடியுமாக இருந்த அந்த நாட்களில்தான் தெருவில் சிலர் வெங்கட்ராமுலுவின் பட்டறைக்குள் புகுந்தார்கள். செப்புத் தொட்டியைக் கவிழ்த்து, கடப்பாரையால் அடியில் ஓட்டை போட்டுவிட்டார்கள். தடுக்கப் போன வெங்கட்ராமுலுவின் மணிக்கட்டு முறிந்தது. மறுநாள் கட்டுப் போட்ட கையோடு அலுவலகத்துக்கு வந்து நின்றார்.

"நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொட்டி இருந்திருக்கும் அம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அவர் போன பிறகு நான் சாரிடம் நேராகவே கேட்டேன். "நமக்குத் தெரிஞ்சதை அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன சார்?"

அவர் கையிலிருந்த லென்ஸைத் துடைத்து வைத்தார். பிறகு, "சொல்லியிருந்தா கவுன்சிலர் வேற யாரையாவது கூட்டியாந்து, இது சாயப் புழுதான்னு சொல்ல வெச்சிருப்பார். அப்ப நம்ம கையில காட்ட என்ன இருந்திருக்கும்?" என்றார். அது சரியான பதில்தான். ஆனால் மணிக்கட்டு முறிந்ததும் நடந்ததுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்று வரைக்கும் என்னால் கணக்கு நேர் செய்ய முடிந்ததில்லை.

ஜாடியில் பூச்சி வெளிவந்தது. துணியின் அடியில் முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஊசி வாய் இல்லை, இறக்கையில் செதில் இல்லை, இறக்கை வயிற்றின் நுனியை எட்டவில்லை. செவிலிமேட்டுப் புழுவும் அப்படியே. படங்களைப் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். சார் ஒவ்வொன்றுக்கும் "எங்க தெரியுது?" கேட்டார், நான் தொட்டுக் காட்டினேன். அதன் பிறகே குடும்பப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். சென்னையிலும் அதை ஒப்புக்கொண்டார்கள்.

விஷயம் தெரிந்து ஏகாம்பரம் வந்தார். தெருவே கூட வரும் என்று நினைத்தோம். தனியாகத்தான் வந்தார். மெலிந்த மனிதர், தாடி வளர்ந்திருந்தது. சார் படங்களை மேஜையில் விரித்து, எந்தப் புழு எந்த இடத்துப் புழு என்று விளக்கினார்.

"இந்தச் சிவப்பு அதோட ரத்தத்திலேயே உள்ளது. சேத்துல காத்து கம்மி. அதுல உசுரோட இருக்க அதுக்கு அந்த ரத்தம் தேவை. சாயத்தால வந்ததில்லை."

ஏகாம்பரம் படத்தின் ஓரத்தை விரலால் தடவினார். "அப்ப எங் குழந்தை இந்தப் பூச்சியால சாவல?"

"இந்தக் குடும்பத்துப் பூச்சி நோய் கொண்டு வராதுங்க."

"சாயத்தாலயும் சாவல?"

நான் சாரின் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வெங்கட்ராமுலு பிழைத்துக்கொள்வார். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்ல வேண்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"அது இந்தப் படத்துல தெரியாதுங்க" என்றார் சார். "புழு சாயத்தால சிவக்கலன்னு மட்டும்தான் இது சொல்லும். இன்னொண்ணும் சொல்லும். இந்தப் புழு கொழகொழன்னு அழுகின சேறு இருந்தாத்தான் இவ்ளோ பெருகும். கிணத்துக்குள்ள எங்கிருந்தோ அழுக்கு இறங்குது. எங்கிருந்துன்னு தூர் வாரினாத்தான் தெரியும். உங்க குழந்தை எதால போச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா பொய்."

ஏகாம்பரம் ஒரு படத்தைக் கையில் எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இத்தினூண்டு பூச்சிக்கு இவ்ளோ பெரிய படம். எங் குழந்தைக்கு ஒரு படம்கூட எடுக்கலமா. திருவிழாவுக்கு எடுக்கலாம்னு இருந்தோம்."

யாருக்காகவும் நாற்காலியை விட்டு எழாத கரீமுதீன் சார் எழுந்து நின்றார். ஏகாம்பரம் கும்பிட்டுவிட்டு வாசல்வரை போய், அங்கேயே நின்று சொன்னார்: "தெருவுல எல்லாரும் எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னாங்க சார். நீங்க ஒருத்தர்தான் தெரியாதுன்னு சொல்றீங்க. தூர் வாரச் சொல்றேன்."

கவுன்சிலர் சொல்லியிருந்தால் தெரு கேட்டிருக்குமோ என்னவோ. குழந்தையைப் பறிகொடுத்தவர் சொன்னதும் கேட்டது. கிணற்றை இறைத்தார்கள். ஏகாம்பரமே உள்ளே இறங்கினார். அடியில் இடுப்பளவு கறுப்புச் சேறு. மேற்குப் பக்கச் சுவரில் கல் பெயர்ந்து, அந்த ஓட்டை வழியாகத் தெருச் சாக்கடை கசிந்துகொண்டிருந்தது. எல்லா வீட்டு அழுக்கும் போகும் சாக்கடை அது. பட்டறை இருந்தது கிழக்கே. ஏகாம்பரம் மேலே ஏறி வந்து, "நம்ம சாக்கடைதான்" என்று மட்டும் சொன்னார். தொட்டியை உடைத்தவர்கள் யார் என்று தெருவுக்குத் தெரியும். கூட்டத்தில் அவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டார்கள்.

சுவரைப் பூசி, மருந்து போட்டு, கிணற்றைத் திறந்த அன்று சோதனைக்கு நீர் எடுக்க நான் போயிருந்தேன். குடங்களோடு பெண்கள் நின்றார்கள், முதலில் இறைக்க யாருக்கும் துணிவில்லை. எதிரே பட்டறை வாசலில் லட்சுமம்மா, இடுப்பில் காலிக் குடத்தோடு, வேறு தெருவுக்குப் புறப்பட்டவள் அப்படியே நின்றிருந்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஏகாம்பரத்தின் மனைவி காமாட்சி. இத்தனை நடந்ததில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை. வாளியை உள்ளே விட்டாள். நிரம்பிய பிறகு கயிற்றைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். பலமான கைகள்தான் அவளுக்கு.

"லட்சுமி, வாயேன்" என்றாள், எதிர்ப்பக்கம் பார்த்து. "ஒருத்தியா இழுக்க முடியல. கயித்தப் புடி."

லட்சுமம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். இருவருமாக இழுத்தார்கள். வாளி மேலே வந்ததும் காமாட்சி முதலில் லட்சுமம்மாவின் குடத்தில் ஊற்றினாள். மீதியை என் பாட்டிலில் ஊற்றினாள். மூடியைத் திருகித் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் மட்டும்தான் இருந்தது.